வண்டித் தடத்திலிருந்து பத்தடி

கண்ணிவெடி மிதித்தால் வெடிக்காது, மிதித்த காலை எடுத்தால்தான் வெடிக்கும் என்று ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். எல்லாம் சினிமாக் கொட்டகையில் படித்த படிப்பு. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டுதான், நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே நான் வாங்கிப் போட்டிருக்கும் மனையில், உச்சி வெயிலில், கால் மணி நேரம் சிலையாக நின்றேன்.

கூட வந்தவர் பெயிண்டர். இலங்கையில் வன்னியிலிருந்து வந்து பதினெட்டு வருடமாக அகதி முகாமில் இருக்கிறார். என் வீட்டுக்கு மூன்று முறை வண்ணம் அடித்தவர். நான் அவரை மாப்ள என்பேன். அவருக்கு நான் அண்ணே. மனையின் எல்லைக் கற்களில் சாயம் போய்விட்டது. பக்கத்து மனைக்காரர் வேலியை நகர்த்துவதற்குள் கல்லின் தலையில் சிவப்பு அடித்துவிடலாம் என்று அவரைக் கூட்டிப் போயிருந்தேன்.

அன்றைக்கு அவர் மனசு வேலையில் இல்லை. ஊரிலிருந்து தங்கச்சி பேசியிருந்தாள். அப்பாவின் மூன்று ஏக்கரில் கண்ணிவெடிகளை எடுத்து முடித்துவிட்டார்களாம். மிளகாயும் நிலக்கடலையும் விளைந்த மண். இத்தனை காலம் அதைச் சுற்றிக்கொண்டு அடுத்தவர் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவள் அவள். அண்ணன் இவர் வந்து முதலில் இறங்கி நடந்தால் தானும் இறங்குவாள், இல்லாவிட்டால் மாட்டாளாம். ஊர் திரும்ப மனுக் கொடுத்துவிட்டதாக அவர் சொன்னார்.

மனைக்கு நடுவே லாரி போன தடம் ஒன்று கிடந்தது. அவர் அதன் மேலேயே நடந்தார். தடம் வளைந்த இடத்தில் அவரும் வளைந்தார். தண்டவாளத்தை விட்டு இறங்காத ரயில் மாதிரி இருக்கிறதே என்று கிண்டல் செய்தேன். சிரித்தார். மாட்டைத் தேடிப் போய் மூத்த அண்ணன் காலை இழந்தபோது, பின்னால் நடந்து வந்தது தான்தான் என்றார். அண்ணனைத் தூக்கிக்கொண்டு, வந்த காலடிகளிலேயே காலை வைத்து வீடு திரும்பினாராம்.

கல்லைப் பார்க்கிற சாக்கில் தடத்தை விட்டுப் புல்லுக்குள் இறங்கினேன். பத்தடி போயிருப்பேன். காலுக்கடியில் டொக்கென்று ஒரு சத்தம். தகரம்.

அதற்கப்புறம் நடந்தது என் வீர வரலாறு. எடை குறைந்தால் வெடித்துவிடுமே என்று தொண்ணூற்றிரண்டு கிலோவையும் அந்த ஒற்றைக் காலில் இறக்கினேன். மதுரையில் எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டு முடித்து, கோரிப்பாளையம் தர்காவுக்கும் ஒரு சர்க்கரைப் பொட்டலம் நேர்ந்துகொண்டேன்.

"மாப்ள, வீட்டுல சொல்லிரு."

என்ன சொல்ல என்று கேட்டார். காலுக்கடியில் கண்ணிவெடி, எடுத்தால் வெடித்துவிடும் என்றேன்.

"காலை எடுங்கண்ணே," என்றார் மெதுவாக. "வெடிக்கிறதா இருந்தா வச்சப்பவே வெடிச்சிருக்கும். எங்கண்ணனுக்கு எடுக்குறதுக்குக் காலே இல்ல."

நம்பினேன். ஆனால் கால் மரத்துப்போய் என் பேச்சைக் கேட்கவில்லை. ஒரு கை கொடு என்றேன். அவர் தடத்தின் விளிம்புக்கு வந்தார். வலது காலைப் புல்லுக்கு மேலே நீட்டினார், இழுத்துக்கொண்டார். மறுபடி நீட்டினார். மூன்றாம் முறையும் தடத்துக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொண்டார். நீட்டிய கையோடு நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கடைசியில் தொப்பென்று உட்கார்ந்து, குழந்தை மாதிரி தவழ்ந்து தடத்துக்கு வந்து சேர்ந்தேன். திரும்பிப் பார்த்தால், பழைய பெயிண்ட் டப்பாவின் மூடி. முன்பு கல்லுக்குச் சிவப்பு அடித்தவன் போட்டுவிட்டுப் போனது.

அவரும் சிரிப்பார் என்று சத்தமாகச் சிரித்தேன். அவர் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கயே பத்தடி வர முடியலண்ணே."

நான்கு கற்களுக்கும் அன்று நான்தான் வண்ணம் அடித்தேன். அவர் தடத்தில் நின்றபடி கலக்கிக் கொடுத்தார். அடுத்த வாரம் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். தங்கச்சி இப்போதும் அந்த மூன்று ஏக்கரைச் சுற்றித்தான் கூலி வேலைக்குப் போகிறாள்.