வாக்கிலிருந்து என்னை விடுவித்த செவ்வரளி

கடந்த மீன்பிடித் தடைக்காலம் முடியும் தறுவாயில், தூத்துக்குடியில் உள்ள என் தொழிற்கூடத்தில் வேலை நின்றுபோனது. விசைப்படகுகளுக்கான ஆபத்து அறிவிப்புக் கருவிகளை நாங்கள் செய்கிறோம். நடுக்கடலில் பொத்தானை அழுத்தினால் படகு நிற்கும் இடம் கரைக்குத் தெரியும். பெட்டிகள் தயார். பேட்டரிகள் தயார். கருவிக்கு உயிரான சிப் மட்டும் வரவில்லை. பெரிய வாடிக்கையாளர்களுக்கே முதலில் தருவோம் என்று அதைச் செய்யும் வெளிநாட்டு நிறுவனம் கைவிரித்துவிட்டது.

ஒரே நிறுவனத்தை ஏன் நம்பினீர்கள் என்று பலர் கேட்டார்கள். நாங்கள் தலைமுறைகளாக வியாபாரக் குடும்பம். ஒருவரிடம் சரக்கெடுப்பதாக வாக்களித்தால் இன்னொருவர் கடைவாசலை மிதிப்பதில்லை. தொழில் தொடங்கியபோது எங்களைப் போன்ற சிறிய கூடத்தை மதித்துச் சிப் தந்தவர், அந்நிறுவனத்தின் சென்னை முகவர் சுயம்பு ஒருவரே. வேறு யாரிடமும் வாங்கமாட்டேன் என்று அவருக்கு வாக்களித்திருந்தேன். அதை இன்றும் நான் பிழையெனக் கருதவில்லை.

எங்கள் பொறியாளரான என் தம்பி மகள் செல்வி பொறுமை இழந்தாள்.

"பெரியப்பா, வேற கம்பெனி சிப்பு ரெடியா இருக்கு. அதுக்குத் தக்கன போர்டையும் மாத்தி வரைஞ்சிட்டேன். ஒங்க வாக்குக்காவ எல்லாரும் காத்துக் கெடக்கணுமா?"

தருவைகுளத்துப் படகுக்காரர் சூசை நேரிலேயே வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, போட்டெல்லாம் கடல்ல எறங்கப் போவுது. வெறும் பெட்டியக் குடுத்தீயன்னா அதுல சோறுதான் கொண்டுபோவ முடியும்" என்று சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. "ஒங்கள நம்பித்தான் வேற எதுவும் வாங்காம இருக்கோம்."

வாக்கை மீறினால் என் பெயர் போகும். மீறாவிட்டால் படகுக்காரர்கள் கருவியின் துணையின்றிக் கடலுக்குப் போவார்கள்.

கொடுத்த வாக்கிலிருந்து விடுவிக்கக் குலதெய்வத்துக்கே உரிமை உண்டு. செம்மணல் தேரிக்காட்டில் இருக்கும் எங்கள் சாஸ்தா கோயிலுக்குச் சென்று பூப் போட்டு உத்தரவு கேட்டேன். வெள்ளைப் பூவையும் செவ்வரளியையும் தனித்தனி இலையில் மடித்துச் சன்னதியில் போடுவது வழக்கம். வெள்ளை வந்தால் காத்திருப்பது, செவ்வரளி வந்தால் வேறு சிப். "ஐயா, என் மானமும் அந்த உயிர்களும் உம் கையில்" என்றேன். கண் கலங்கியது. பூசாரி ஒரு மடிப்பை எடுத்துப் பிரித்தார்.

செவ்வரளி!

கோயில் வாசலிலிருந்தே சுயம்புவை அழைத்தேன். மறைவாகச் செய்வது எங்களுக்குப் பழக்கமில்லை.

"சாஸ்தா உத்தரவு குடுத்துட்டாரு, சுயம்பு. வேற எடத்துல வாங்கப் போறேன்."

"உத்தரவு ஆயிட்டுன்னா நான் என்ன சொல்ல, அண்ணாச்சி? சரக்கு குடுக்க முடியலியேன்னு ஒங்ககிட்டப் பேசவே எனக்குக் கூச்சமா இருந்துச்சு."

செல்வியின் போர்டு முதல் சோதனையிலேயே வேலை செய்தது. தடை நீங்கியபோது எங்களை நம்பியிருந்த அத்தனை படகுகளும் கருவியோடு இறங்கின. அந்தப் பருவத்திலேயே சூசையின் எஞ்சின் நடுக்கடலில் நின்றது. பொத்தானை அழுத்தினார். கரையிலிருந்து தகவல் கிடைத்ததும் பக்கத்துப் படகுகள் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தன. எல்லோரும் கரை சேர்ந்தார்கள்.

இப்போது எங்கள் கருவி இரு நிறுவனங்களின் சிப்பையும் ஏற்கும். சுயம்புவிடமும் வாங்குகிறேன். ஒருவரை மட்டுமே சார்ந்திருப்பது என்பதைச் சாஸ்தாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டேன்.

அன்பர்களே, கொடுத்த வாக்கு உங்கள் கழுத்தை நெரித்தால் அதை மறைவில் மீறாதீர்கள். குலதெய்வத்தின் முன் நின்று கேளுங்கள். எந்தப் பூ வந்தாலும் தலை நிமிர்ந்து வெளியே வரலாம். நான் அப்படித்தான் வந்தேன்.