புஷ்பம் அக்கா போன ‘மானாடு’

புஷ்பம் அக்கா இறந்துவிட்டார் என்று காணிப் பத்திரம் எழுதும் எங்கள் நொத்தாரிசு ஐயா தொலைபேசியில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அலுவலகத்தில் விளையாட்டுக்குப் பொய்ச் செய்தி பரப்புவது என் வழக்கம்; பழிவாங்குகிறார்கள் என்று நினைத்தேன். ஐயாவுக்கு வேடிக்கை பேச வராது என்பது நினைவுக்கு வர அரை நிமிடம் பிடித்தது. முந்தின நாள்வரை எனக்கு எதிர் மேசையில் இருந்தவர், நெஞ்சு வலிக்குது என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பவில்லை.

ஒரு காணி உண்மையில் யாருடையது என்று பதிவுக் கந்தோரில் பழைய ஏடுகளைத் தேடிச் சொல்வது அக்காவின் தொழில். ஹட்டனில் உங்களில் பாதிப்பேர் அவரிடம் வந்திருப்பீர்கள். மீதிப்பேர் வராமல் ஏமாந்திருப்பீர்கள். நான் ஐயாவின் அலுவலகத்தில் தட்டச்சுக்காரன், வயது பதினெட்டு.

போன வருடம் ஒரு கொழும்புக் கம்பனி எங்களை நுவரெலியா ஹோட்டலுக்கு அழைத்தது. காணித் தகவல் அத்தனையும் ஒரே டிஸ்க்கில் விற்கிறார்களாம். எங்கள் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர்; வேனில் ஏறியதும் அக்காவிடம் சொன்னார்: “பிள்ளை, இதை வாங்கினால் நீர் இனிக் கந்தோருக்கு அலையத் தேவையில்லை.”

“நான் அலையலேன்னா என் வேலையும் நின்னுருமுங்களே, ஐயா.”

“அதைப் பாத்துத்தான் முடிவெடுக்கோணும்.”

 

ஹோட்டல் வாசலில் மூன்று மொழியில் பதாகை. சிங்களமும் ஆங்கிலமும் ஒழுங்காக இருந்தன. தமிழில் ‘காணித் தகவல் மானாடு’. அக்கா என் காதில் கேட்டார்: “மான் எங்கடா? ஆடு எங்கடா?”

“ஆடு நாமதான்க்கா. மாலை போடுறாங்க பாருங்க.”

கழுத்தில் பெயர் அட்டையை மாட்டிவிட்டார்கள்.

உள்ளே டை கட்டியவர்கள் விசிட்டிங் கார்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் பெயரை மற்றவர் படிக்காமல் பைக்குள் போடுவதற்குப் பெயர்தான் நெட்வொர்க்கிங். கம்பனி மேனேஜர் எனக்குக் கார்டு தந்தார். அதையே திருப்பி அவரிடம் நீட்டினேன். “உங்களச் சந்திச்சதுல சந்தோசம், கட்டாயம் பேசுவோம்” என்று பைக்குள் வைத்துக்கொண்டார். இந்த மனிதர்தான் இலங்கை முழுவதற்கும் காணித் தகவல் தரப்போகிறவர்.

எங்கள் பக்கத்தில் உறுதி என்றால் காணிப் பத்திரம். அன்று வாயால் கொடுத்த உறுதிகளுக்குக் கணக்கே இல்லை. மேடையில் ஒரு பொடியன், “எந்தக் காணியையும் கேளுங்க, சொந்தக்காரர் பேரு உடனே வரும்” என்றான். அக்கா கையைத் தூக்கினார்.

“விண்ட்கிராஃப்ட் தோட்டம் பாருங்க, தம்பி.”

ஒரு பெயர் வந்தது. கைதட்டினார்கள்.

“அஸ்வவத்த?”

வேறு பெயர். மறுபடி கைதட்டல்.

“குதிரத்தோட்டம்?”

மூன்றாவது பெயர். ஐயாவும் தட்டினார்.

“தட்டாதீங்க ஐயா. மூணும் ஒரே தோட்டம். வெள்ளக்காரத் துரைமாரு வச்ச பேரு ஒண்ணு, சிங்களத்துல ஒண்ணு, நாங்க சொல்றது ஒண்ணு. நான் அங்க லயத்து வீட்டுலதான் பொறந்தேன். ஒரு குதிரைய மூணு பேருக்குக் குடுத்திருக்கீங்களே, தம்பி!”

ஒவ்வொரு காலத்து உறுதியும் ஒவ்வொரு பெயரில் எழுதப்பட்டிருந்தது. காணியை விற்றுவிட்டுப் போன இரண்டு பேரை டிஸ்க் இன்னும் சொந்தக்காரராகவே வைத்திருந்தது. பொடியன் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டுப் பார்த்தான். மூன்று குதிரையும் அப்படியே நின்றன.

மேனேஜர் சிரித்துக்கொண்டே மேடையேறினார். “அக்கா, இந்த மாதிரிப் பேரெல்லாம் ஒரு லிஸ்ட் எழுதித் தர ஏலுமா? நம்ம கம்பனிக் குடை ஒண்ணு பரிசா தாறோம்.”

“தலையில உள்ளத எல்லாம் உங்களுக்குக் குடுத்துட்டா, மிச்சத் தலைய வச்சி நான் என்ன செய்ய? குடை பிடிக்கவா?”

பின்வரிசையில் சிரித்த முதல் ஆள் நான். இரண்டாவது ஆள் ஹோட்டல் வெயிட்டர்.

திரும்பும் வழியில் நானுஓயா தாண்டியதும் ஐயா அக்கா பக்கம் திரும்பினார். “பிள்ளை, திங்கக்கிழமை நேரத்துக்கு வாரும்” என்றார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த ஒரே முறை அது.

“நான் என்னைக்கு ஐயா லேட்டா வந்தேன்?” என்றார் அக்கா. வேனுக்குள் அன்று அவர் சிரித்தது அப்போதுதான்.

இந்த வருடம் அக்காவின் அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அந்த மேனேஜர் அலுவலகத்துக்கு போன் எடுத்தார். முதல் வசனம் ஆழ்ந்த அனுதாபம். இரண்டாவது, “அக்கா அந்தப் பேர் லிஸ்ட் ஏதும் எழுதி வச்சிட்டுப் போனாங்களா?” மூன்றாவது வசனத்துக்கு அவரிடம் விஷயம் இல்லை.

ஒட்டகத்தோட்டம், டைனோசர்வத்த என்று நூறு பெயர் சொல்ல நாக்குத் துடித்தது. ஆனால் அதை நம்பி எவனாவது ஏழை தன் வாழ்நாள் உழைப்பைக் கொட்டி ஏழே ஏழு பேர்ச் காணித்துண்டு வாங்குவான். என் வாழ்க்கையில் நான் விட்டுக்கொடுத்த ஒரே பகிடி அது. “ஒண்ணும் எழுதி வைக்கல, சேர்” என்றேன். உண்மையும் அதுதான்.

திங்கட்கிழமை ஐயா என்னை அக்காவின் கதிரையில் இருக்கச் சொன்னார். நல்லதண்ணிப் பக்கமிருந்து ஒருவர் பழைய உறுதியொன்றோடு வந்து, அதிலிருந்த பெயரை எழுத்துக்கூட்டத் தொடங்கினார். நான் தாளை மெல்ல மூடிவைத்தேன். வருகிற ஒவ்வொருவரிடமும் அக்கா முதலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பதும் அது ஒன்றுதான். அதைக் கேட்டேன்:

“தாள்ல உள்ளது இருக்கட்டுங்க. உங்க ஆளுங்க அந்த எடத்துக்கு என்ன பேரு சொல்றாங்க?”