குளவிப் பெட்டியைத் திறந்த எம்.எல்.ஏ.

ஓமலூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் கரீம் பாஷாவின் மகள் அஃபீபா வேளாண்மை படித்தவர். இருபத்தெட்டு வயதில் கட்சி அவருக்கு நெடுங்கரை தொகுதியைக் கொடுத்தது. பெண், இளைஞர், சிறுபான்மை என்று மூன்று பேருக்குத் தர வேண்டிய இடத்தை ஒரே ஆளிடம் முடித்துவிட்டதில் மாவட்டச் செயலாளர் கந்தவேலுக்குப் பெரிய நிம்மதி. அஃபீபா நானூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தார்.

மரவள்ளியை மாவுப்பூச்சி தின்று கொண்டிருந்த வருஷம் அது. சட்டசபையில் பேச அதைப் பற்றித்தான் எழுதி எடுத்துப் போனார். கொறடா அதை மடித்துத் திருப்பிக் கொடுத்து, கபர்ஸ்தான் சுற்றுச்சுவர் பற்றிப் பேசச் சொன்னார். இரண்டு நிமிடம். அடுத்த கூட்டத்தொடரிலும் சுவர்தான். அதற்கடுத்து ரம்ஜான் கஞ்சி அரிசி. வருஷத்தில் நோன்பு திறப்பு மேடைகளில் மட்டும் அவருக்கு முன்வரிசை கிடைத்தது.

ஒருநாள் ராமாயி என்ற விவசாயி, வெள்ளை படிந்து சுருண்ட கொழுந்துகளை உரச்சாக்கில் அள்ளிக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தார்.

"உங்க பேச்ச டிவில பாத்தனுங்க. நெடுங்கரைல சுவரு நல்லாத்தான் கட்டியிருக்காங்க. சுவத்துக்கு அந்தப்பக்கம் எங்க மரவள்ளிக் காடுங்க. அதையும் ஒரு வார்த்த சொல்லுங்க அம்மணி."

அஃபீபாவுக்கு வெட்கமாக இருந்தது. அடுத்த முறை கொறடா சொன்னபடியே சுவரில்தான் ஆரம்பித்தார்.

"சுவருக்கு இந்தப்பக்கம் இறந்தவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டோம். அந்தப்பக்கம் மரவள்ளி செத்துக்கொண்டிருக்கிறது."

மாவுப்பூச்சி எப்படிப் பரவுகிறது என்று அவர் விளக்கத் தொடங்கியபோது மைக் அணைந்தது. ஆனால் அதற்குள் சபை சிரித்திருந்தது, மறுநாள் பத்திரிகைகளும் எழுதிவிட்டன. அதற்குப் பிறகு அதிகாரிகளால் நெடுங்கரைக்கு வராமல் இருக்க முடியவில்லை. பூச்சியை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகளை மரவள்ளிக் காட்டில் விட முடிவானது.

அதற்குப் பந்தல், மாலை, அமைச்சர். அழைப்பிதழில் அஃபீபாவின் பெயர் கடைசியில், 'சிறுபான்மையினர் பிரதிநிதி' என்று இருந்தது. அமைச்சர் பெட்டியைத் திறக்க வேண்டிய நேரத்தில் போன் வந்ததால் அவர் ஒதுங்கிப் போனார். குளவிகளால் வெயிலில் காத்திருக்க முடியாது என்று அஃபீபாவே திறந்துவிட்டார். கடுகைவிடச் சிறிய குளவிகள். பறந்தது யாருக்கும் தெரியவில்லை. அமைச்சர் திரும்பி வந்து காலிப் பெட்டியை மறுபடி திறந்தார். எல்லோரும் கை தட்டினார்கள். மறுநாள் பேப்பரில் அந்தப் படம்தான்.

அடுத்த பட்டத்தில் ராமாயியின் காடு பச்சை கட்டியது. தொகுதி முழுக்க மரவள்ளிப் பேச்சாகவே இருந்தது. தேர்தல் வந்தபோது கந்தவேல் வீட்டுக்கே வந்து உட்கார்ந்தார்.

"இந்தத் தடவ ஒரு விவசாயப் பிரதிநிதிக்குக் குடுக்கலாம்னு தலைமை நெனைக்குதுங்க சாமி. நம்ம தொகுதில மரவள்ளிதான பிரச்சனையே."

அந்தப் பிரதிநிதி கந்தவேலின் மச்சான். ரிக் வண்டி வைத்து ஊர் ஊராக போர்வெல் போடுபவர். அஃபீபா டீ கொடுத்து அனுப்பினார்.

இப்போது ஜவுளிக்கடை மாடியில் மண் பரிசோதனை நிலையம் நடத்துகிறார். ராமாயி வந்தால் இன்னும் 'எம்.எல்.ஏ. அம்மணி' என்றுதான் கூப்பிடுகிறார். போன மாதம் புதிய எம்.எல்.ஏ.வான கந்தவேலின் மச்சான் போன் செய்து, குளவிகளுக்குத் தீவனம் எந்தக் கம்பெனியில் வாங்குவது என்று கேட்டார். அவை மாவுப்பூச்சியைத்தான் தின்னும் என்று அஃபீபா பொறுமையாகச் சொன்னார்.