பீங்கான் சில்லு பதித்த படி

பஸ் ஸ்டாண்டு எதிரே புதிதாகத் திறந்திருக்கும் துணிக்கடையில், யாரும் உட்காராதபடி வாசற்படி முழுக்க இரும்பு முள் வைத்திருக்கிறார்கள். இன்று அதைப் பார்த்ததும் அலுத்துப்போனது.

எழுபதுகளில் இதே விருத்தாசலத்தில், எங்கள் தெரு மளிகைக்காரர் படியில் சிமெண்டு போட்டுப் பீங்கான் சில்லுகளைப் பதித்தார். பக்கத்துப் பீங்கான் சூளைக்குக் களிமண் சுமக்கும் பெண்கள் வேலை முடிந்து அங்கேதான் உட்காருவார்கள்.

"ஏங்க, குத்தாதா?" என்று சண்டைக்குப் போனேன்.

"குத்தட்டும்னுதாம்மா வச்சிருக்கேன்" என்றார்.

களிமண் சுமக்கும் அஞ்சலை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்கம்மா. அந்தச் சில்லக் கூடையில சொமந்தாந்து கொட்டுனதே நான்தான். வூட்டு மதிலு மேல பதிக்கன்னு சொன்னாரு."

இன்றைய துணிக்கடைக்காரரிடமும் இந்த முள் எதற்கு என்று கேட்டேன்.

"அழகுக்குங்க மேடம்" என்றார்.

உங்கள் ஊருக்கும் இந்த அழகு வந்துவிட்டதா?