மைதானத்திலிருந்து வந்த ஐஸ்

பிள்ளைக்கு வந்திருப்பது அம்மையா, வெறும் காய்ச்சலா என்று தெரியாத ஒரு நாளில், வாசல் நிலையில் வேப்பிலை சொருக வேண்டுமா, வேண்டாமா? ஐந்து வருஷமாக இந்தக் கேள்வியோடு இருக்கிறேன். நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். குழந்தை வளர்ப்பு பற்றி வரும் புத்தகங்களைத் தேடி வாங்கிப் படிக்கிறவள். எதிலும் இதற்குப் பதில் இல்லை.

தேனியில் எங்கள் வீடு ஊர்ப் பொது மைதானத்துக்கு எதிரே இருக்கிறது. முன்பு அது முட்காடு. ஊரார் சேர்ந்து வெட்டித் திருத்தி, செம்மண் கொட்டி, கல் உருளை உருட்டிச் சமன் செய்தார்கள். தகரக் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும் பிறகு வந்தன. காலையில் பள்ளிப் பிள்ளைகள் டிரில் செய்வார்கள். மதியத்துக்கு மேல் யார் வேண்டுமானாலும் விளையாடலாம். நாலு மணிக்குக் கொட்டகையில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடித்ததும் எல்லோரும் வெளியேறிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஹாக்கி டீமின் பிராக்டீஸ்.

ஊரிலுள்ள பஞ்சு ஆலை ஒன்று சம்பளம் கொடுத்து வைத்திருந்த டீம் அது. பேருக்கு ஆளுக்கொரு வேலை உண்டு. ஆடுவதுதான் உண்மையான வேலை. என் கணவர் அதே ஆலையில் குமாஸ்தா. டீமுக்கு ரயில் டிக்கெட் எடுப்பது, பந்து, மட்டை வாங்குவது எல்லாம் அவர் பொறுப்பு. கொட்டகையில் உட்பக்கம் தகடு அடித்த மரப்பெட்டி ஒன்று உண்டு. மேட்ச் நெருங்கும் நாட்களில் மதுரையிலிருந்து ரயிலில் ஐஸ் கட்டி வரும். மரத்தூளுக்குள் புதைத்துச் சாக்குப் போட்டு மூடி வைப்பார்கள். அடிபட்டு வீங்கிய முழங்காலுக்கு வைக்கத்தான் அந்த ஐஸ். எங்கள் பக்கத்தில் வேறெங்கும் அது கிடைக்காது.

பங்குனி மாதம். என் மகளுக்கு அப்போது மூன்று வயது. இரண்டு நாளாகக் காய்ச்சல். மூன்றாம் நாள் மதியம் கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. கணவர் ஆலை வேலையாகச் சின்னமனூர் போயிருந்தார். பக்கத்து வீட்டுக்காரரை அனுப்பிக் கேட்டதற்கு, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், ஐஸ் கிடைத்தால் நெற்றியில் வைக்கச் சொல்லி மருந்து கொடுத்துவிட்டிருந்தார்.

உடம்பைத் துடைத்துவிடும்போது அவள் வாயோரத்தில் இரண்டு, மணிக்கட்டில் ஒன்று, சிவப்பாகப் பொட்டுகள் தெரிந்தன. என் மாமியாரும் பார்த்துவிட்டார்.

"ஆத்தா வந்திருக்காக போலருக்கு தாயி. நெலையில வேப்பங்கொழையச் சொருகு."

"வேர்க்குருவா இருக்கும் அத்தை. வெயில் இந்தப் போடு போடுது."

"வேர்க்குரு வாயிலயா வரும்? படிச்ச புள்ள பேசுற பேச்சா இது? ஐஸ கிஸ வச்சுக் குளிரப் போட்ராத. முத்து உள்ளுக்குள்ள அமுங்கிப் போகும்."

நிலையில் வேப்பிலை இருந்தால் வெளியாள் எவரும் படியேற மாட்டார்கள். அந்த வீட்டிலிருந்து யாரும் போய் ஒன்றும் வாங்கவும் கூடாது. வேப்பிலையைச் சொருகிவிட்டு நான் எப்படி ஐஸ் கேட்கப் போவேன்? மறுபடி இழுத்தால் என்ன செய்வேன்? வந்து சொருகிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தெருவைக் கடந்தேன்.

தண்டவாளத்தை அடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. பிராக்டீஸ் நேரத்தில் பெண்கள் யாரும் மைதானத்துக்குள் போவதில்லை. என்னைப் பார்த்ததும் ஒருவர் கத்தினார்: "ஏலே, பந்த நிப்பாட்டு! குமாஸ்தா அண்ணன் வீட்டு மதினி வாராக."

கோல் காக்கிறவர் வாயாடி. நான் ஐஸ் என்றதும், "ஐஸ் சும்மா கெடைக்குமா மதினி? ஒரு கோல் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார். சிலர் சிரித்தார்கள்.

"வாய மூட்ரா. அவுக மொகத்தப் பாத்தியா?" என்று அவரை அதட்டியவர், கோலுக்கு முன்னால் நின்று தடுத்தாடும் பின்னாட்டக்காரர். நல்ல உயரம். அவர் அடித்தால் பந்துச் சத்தம் எங்கள் அடுப்படி வரை கேட்கும். இருவரும் ஒரே அறையில் தங்கி ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகிதர்கள் என்று கணவர் சொல்லியிருக்கிறார்.

நான் பிள்ளையின் காய்ச்சலைச் சொன்னேன். அவர் பெட்டியைத் திறந்து மரத்தூளைத் தள்ளியபடியே கேட்டார்.

"வெறும் காச்சல்தானே மதினி?"

"ஆமா. காச்சல்தான்."

அதுதான் நான் சொன்னது. யோசிக்க நேரமே இல்லை என்று சில நாள் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். நேரம் இருந்தது. அவர் மட்டையின் அடிப்பக்கத்தால் ஐஸை உடைத்து முடிக்கும்வரை நான் பக்கத்திலேயேதான் நின்றிருந்தேன்.

"நீங்க கையில கொண்டு போனா பாதி வழியிலயே ஒழுகிரும். இருங்க, நான் கொண்டாரேன்" என்று துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

நிலையில் ஒன்றும் இல்லை. அவர் தயங்காமல் உள்ளே வந்தார். பிள்ளை ஐஸ் பட்டதும் திமிறினாள். அவர் சம்மணமிட்டு உட்கார்ந்து அவளை மடியில் போட்டுக்கொண்டு, துண்டை நெற்றியில் வைத்து, "பந்து வருது பாரு, பந்து வருது பாரு" என்று ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். அரை மணி நேரம் இருக்கும். சூடு தணிந்து அவள் தூங்கிப்போனாள்.

உள்கதவை ஒட்டி என் மாமியார் நின்றிருந்தார். கையில் வேப்பங்குழை. அதை முந்தானைக்குள் மறைத்திருந்தார். அந்த மனிதர் படியிறங்கித் தெருவைக் கடந்த பிறகுதான் நிலையில் சொருகினார்.

மறுநாள் காலை முகம் முழுவதும் முத்துகள். மூன்று வாரம் வீட்டை விட்டு நாங்கள் நகரவில்லை. பிள்ளை பிழைத்தாள். அம்மை இறங்கித் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே ஒன்றைக் கவனித்தேன். நாலு மணிக்குத் தண்டவாளம் அடிக்கிறது, பிராக்டீஸ் நடக்கிறது, அடுப்படி வரை வரும் அந்தப் பெரிய அடி மட்டும் கேட்கவில்லை. கணவரிடம் கேட்டேன்.

"காச்சலோட ஊருக்குப் போயிட்டாரு. அவருக்கும் ஆத்தாதானாம்" என்றார்.

எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து அவர் டீமோடு மதுரைக்கு ரயிலில் போயிருக்கிறார். பெட்டியில் உடம்பெல்லாம் போர்த்திக்கொண்டு காய்ச்சலோடு ஒரு கிழவர் நின்றாராம். கோல்காரர்தான் பாவம் பார்த்து, இடம் ஒதுக்கி, நண்பருக்குப் பக்கத்தில் அவரை உட்காரவைத்தாராம். அந்தக் கிழவருக்கு அம்மை என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மைதானா என்று யாருக்கும் தெரியாது. பிறகு ஆஸ்பத்திரி டாக்டரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன். தொற்றிய பிறகு பன்னிரண்டு நாள் அளவில் காய்ச்சல் வரும், ஒன்றிரண்டு நாள் முன்பின்னாகலாம் என்றார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். எங்கள் வீடும் பொருந்துகிறது, அந்த ரயிலும் பொருந்துகிறது.

மூன்று மாதம் கழித்துப் பின்னாட்டக்காரர் திரும்பி வந்தார். முகமெல்லாம் தழும்பு. இடது கண்ணில் வெள்ளை விழுந்து பார்வை போயிருந்தது. இனி அவரால் ஆட முடியாது என்று டீமிலிருந்து விலக்கினார்கள். மைதானத்துக் கமிட்டியார் மனமிரங்கி அவரை அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். சுண்ணாம்புக் கோடு போடுவது, தண்ணீர் தெளிப்பது, தண்டவாளம் அடிப்பது எல்லாம் இப்போது அவர்தான். தினமும் நாலு மணிக்கு அந்தச் சத்தம் கேட்கும்போது நான் கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிடுகிறேன்.

என் மகளுக்கு இப்போது எட்டு வயது. மதியமானால் மைதானத்துக்கு ஓடிவிடுவாள். அவள் உயரத்துக்கு ஒரு பழைய மட்டையை அறுத்துக் கொடுத்திருக்கிறார். அவள் கன்னத்திலும் மூன்று நான்கு தழும்புகள் உண்டு. ஒருநாள் அவளை வீட்டில் விட வந்தவர், "எங்க ரெண்டு பேத்துக்கும் ஒரே ஆத்தா முத்தங் குடுத்திருக்காக மதினி" என்று சிரித்தார். தெரிந்து சொன்னாரா, வேடிக்கையாகச் சொன்னாரா?

ஆனால் அவருக்குத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் இந்த ஐந்து வருஷமும் அவர் கோல்காரரோடு பேசுவதில்லை. "இவன் பாத்த பாவம் எங் கண்ணப் புடுங்கிருச்சு" என்று ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அந்த வாயாடி மனிதர் அதன் பிறகு சிரித்து நான் பார்க்கவில்லை. பிராக்டீஸுக்கு வருகிறார், கோலில் நிற்கிறார், போகிறார். கொட்டகைக்குள் பழைய சிநேகிதர் இருந்தால் வெளியில் நின்றே தண்ணீர் குடிக்கிறார்.

போன மாதம் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "டாக்டராலயே சொல்ல முடியாதத நீ எப்படி முடிவு பண்ணுவ? புள்ளை அங்கதான் போயி வெளையாடுறா. இப்பப் போயிக் கெளறணுமா?" என்றார். மாமியார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன். அவரும் அதை ஒருநாளும் வாய்விட்டுப் பேசாமலேதான் போய்ச் சேர்ந்தார்.

இப்போது கோல்காரருக்குத் தூத்துக்குடியில் வேறு வேலை கிடைத்திருக்கிறது. தை பிறந்ததும் குடும்பத்தோடு போகிறார். பிறகு இந்தப் பக்கம் வருவது சந்தேகம்தான்.

நான் போய், "அன்று என் பிள்ளைக்கு அம்மை என்று எனக்குச் சந்தேகம் இருந்தது, மறைத்தேன்" என்று சொன்னால், செய்யாத குற்றத்தைச் சுமக்கும் ஒருவருக்கு விடுதலை கிடைக்கலாம். என் பிள்ளையை மடியில் வைத்துக் காப்பாற்றியவருக்கோ, அந்த உதவிதான் கண்ணை வாங்கியது என்று ஆகும். அது உண்மையா என்பதும் எனக்குத் தெரியாது. சொல்லாமல் இருப்பது அவர் மனத்தைக் காப்பதற்காகவா, என்னைக் காப்பதற்காகவா என்றும் தெரியவில்லை.

இதைப் படிக்கிற சகோதரிகளே, உங்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள். அம்மை வந்த வீட்டில் இருந்தவர்களும் இருப்பீர்கள். நான் சொல்ல வேண்டுமா? சொல்வதென்றால் முதலில் யாரிடம் சொல்வது, அந்தக் கண் போனவரிடமா, பழி சுமப்பவரிடமா? தை பிறப்பதற்குள் உங்களுக்குத் தோன்றுவதை எழுதுங்கள்.