ஏழடிச் சுவர்

எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரை ஏழடிக்கு உயர்த்த வேண்டுமென்று அம்மா பேரூராட்சியில் மனுக் கொடுத்தபோது, அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தேன். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் அண்ணன் வீடு. பெரியப்பா சுவருக்கு மேலாக எட்டி எனக்குக் கொய்யாப்பழம் கொடுப்பார். சுவர் உயர்ந்தால் பழம் எப்படி வரும்? என் கவலை எனக்கு.

பெரியப்பா விடுவாரா? காற்றும் வெளிச்சமும் போய்விடும் என்று ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிட்டார். குவைத்திலிருந்து அப்பா போனில் கத்தியது எனக்கே கேட்டது. “அண்ணனை எதுத்துக்கிட்டு ஒனக்கு என்னடி சுவரு வேண்டிக்கெடக்கு?” அம்மா போனை வைத்துவிட்டாள். ஆனால் மனுவைத் திரும்ப வாங்கவில்லை. அவளுக்கு அப்படியொரு பிடிவாதம் உண்டென்று அதுவரை யாருக்கும் தெரியாது.

ஒருநாள் காலையில் பேரூராட்சி அதிகாரி இடத்தைப் பார்க்க வந்தார். பெரியப்பாவும் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு என்னை முன்னால் நிறுத்திக்கொண்டாள். கணவனின் அண்ணனோடு தம்பி பெண்டாட்டி நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்களில் இல்லை. ஒரு முழத் தூரத்தில் நின்றாலும் அம்மா என்னிடம் சொல்வாள், நான் அதை அவரிடம் சொல்ல வேண்டும். இரண்டு வீட்டுக்கும் தபால்காரி நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

“அஞ்சடிச் சுவரு நல்லாத்தானே இருக்கு. ஏழடி எதுக்கும்மா?” என்றார் அதிகாரி.

அம்மா தரையைப் பார்த்தாள். “கொரங்குத் தொல்லைங்க” என்றாள்.

பெரியப்பா சிரித்தார். “இந்தத் தெருவுல ஏது சார் கொரங்கு? நீங்களே விசாரிச்சுப் பாருங்க.”

அதிகாரி பேனாவை மூடினார். அம்மாவின் விரல்கள் என் தோளில் வலிக்க அழுந்தின. மனு அவ்வளவுதான் என்று எனக்கே தெரிந்தது. உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். அது போதாதென்று, நம் பங்குக்கு நாமும் ஒரு வார்த்தை சொல்லிவைப்போமே என்று வாயைத் திறந்தேன்.

“கொரங்கெல்லாம் வாரதில்லைங்க சார். பெரியப்பாதான் அங்கிட்டு கல்லு மேல ஏறி நிப்பாரு. எனக்குக் கொய்யாப்பழம் குடுப்பாரு. சுவரு வேணாம் சார்.”

“எப்பம்மா குடுப்பாரு?”

“அம்மா குளிக்கிறப்ப. சத்தம் போடாமத் தின்னுன்னு சொல்வாரு.”

அதிகாரி, நாங்கள் குளிக்கும் இடத்தைப் பார்த்தார். மூன்று பக்கம் தென்னங்கீற்று, நாலாவது பக்கம் அந்தச் சுவர், மேலே கூரை கிடையாது. பிறகு எக்கி, அந்தப் பக்கம் கிடந்த கல்லைப் பார்த்தார். “சின்னப்புள்ள பேச்சை எல்லாம்...” என்று ஆரம்பித்த பெரியப்பா, முடிக்காமலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

“ஏழடி கட்டிக்கங்கம்மா. உத்தரவு வந்துரும்” என்றார் அதிகாரி. அவர் அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

குரங்குக் கதையைப் போட்டு உடைத்ததற்கு அடி நிச்சயம் என்று நின்றேன். அம்மா அடிக்கவில்லை. என்னை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வேண்டாம் என்று இவ்வளவு தெளிவாகச் சொல்லியும் அந்த மனுஷன் ஏன் சுவரைக் கொடுத்தார் என்று விளங்கவேயில்லை.

சுவர் எழும்பிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. அதுவரை இரண்டு செம்பு ஊற்றிக்கொண்டு ஈரச் சேலையோடு ஓடிவருகிறவள், அன்று சீயக்காய் தேய்த்து, வெயில் உச்சிக்கு ஏறும்வரை குளித்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் நிற்கவேயில்லை. எனக்கோ கொலைப்பசி. கீற்றைத் தட்டி, “ஒரு ஆளு குளிக்க இம்புட்டு நேரமா?” என்று கத்தினேன்.