பெட்டிக்கு மட்டும் அனுமதி

சிங்கப்பூரில் இருக்கும் தம்பி டிக்கெட் எடுத்துத் தந்ததால், இந்த வயதில் சொகுசுக் கப்பலில் உல்லாசப் பயணம் போனேன். கடல் ஒத்துக்கொள்ளாது என்று மனைவி வீட்டிலேயே இருந்துவிட்டாள். நான் திரும்புவதற்குள் கொரோனா வந்துவிட்டது. ஏதோ ஒரு கப்பலை எந்தத் துறைமுகமும் ஏற்காததை எங்கள் தேயிலைத் தோட்டமே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

ஹட்டனிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினால், தோட்டத்துப் பாதையில் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் தோட்டத் தலைவர் மருந்தடிக்கும் பம்பில் மஞ்சள் தண்ணீரை நிரப்பி, முதுகில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், அங்கேயே நில்லுங்க. கப்பல்ல வந்தவங்கள உள்ள விட ஏலாது."

"எனக்கு ஒன்னும் இல்லங்க. காய்ச்சல்கூட இல்ல."

"டீவியில காட்டுற அந்தக் கப்பல்ல உள்ளவங்களும் அப்பிடித்தான் சொல்லியிருப்பாங்க."

வெளிநாடு போய் வருபவர், தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எல்லாருக்கும் சாக்லேட் கொடுப்பது எங்கள் வழக்கம். அதற்காகவே ஒரு கூட்டம் காத்திருந்தது. அதிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "மாஸ்டர் வராட்டிப் பரவாயில்ல. பெட்டி வரலாந்தானே?"

தலைவர் யோசித்துவிட்டு, பெட்டிக்கு மஞ்சள் தண்ணீர் அடித்து உள்ளே எடுத்துக்கொண்டார். என்னைப் பிள்ளைக்காம்பராவில் தங்கச் சொன்னார். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்த இடம் அப்போது மூடியிருந்தது. அங்கிருந்த நாற்காலிகள் என் முழங்கால் உயரத்துக்கு இருந்தன.

சாயங்காலம் மனைவி சோற்றை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"நான் எப்ப வீட்டுக்கு வரலாமாம்?"

"நானும் தலைவர்கிட்ட கேட்டேங்க. சாக்லேட் தின்ன புள்ளைங்களுக்கு ஒன்னும் ஆகலன்னா, உங்களையும் விட்டுறலாமாம்."